எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு கேட்கிறவங்களுக்கு

அந்த கிளிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி பகிரப்போவதில்லை. ஏற்கெனவே ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. பள்ளிக்கூட மைதானம், சுதந்திர தின விழா, மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பையன் மைக்கை வாங்கிக் கேட்கிறான்: "சார், நீங்க எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" விழாவுக்கு வந்திருந்த நம்ம ஊர் ரிட்டயர்டு ராணுவக்காரர், சுபேதார் அண்ணன், சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "யாரையும் சுடலப்பா. அந்த நிலைமை எனக்கு வரல. வராததுல சந்தோஷம்தான்." அதோடு வெட்டி, பின்னால் ஒரு காமெடி மியூசிக் போட்டு, 'டம்மி பீஸ்' என்று மேலே எழுதி விட்டுவிட்டார்கள்.

பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. எட்டாவது படிக்கிற பிள்ளை, கேட்கத்தான் செய்வான். கமென்ட் போட்டவர்கள் யார் என்று பார்த்தேன். பிள்ளை குட்டி பெற்றவர்கள், நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிற இடத்தில் இருப்பவர்கள். "லங்கர்ல வெங்காயம் உரிச்ச ஆளு போல." (லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல்கூடம்.) "இதுக்கா இத்தனை வருஷம் சம்பளம்?" "சுடாம எதுக்குப்பா துப்பாக்கி?" இதில் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். என்னிடம் கேன்டீன் ரம் வாங்கிக் குடித்தவர்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். அண்ணன் சொன்னதுதான் பட்டாளத்தில் முழு சர்வீஸ் போட்ட மனுஷன் சொல்லக்கூடிய பதில். யாரையும் சுடாமல் வந்துவிட்டேன் என்று ஒருவன் நிம்மதிப்பட்டால், ராணுவம் அவனை ஒழுங்காக மாற்றியிருக்கிறது என்று பொருள். உங்களுக்கு அது புரியவில்லை என்றால் அது அண்ணனுடைய குறை இல்லை.

நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது எனக்கும் ரத்தம் சூடாகத்தான் இருந்தது. காட்பாடியில் ரயில் ஏறும்வரை எங்கள் தாலுக்காவைத் தாண்டி எனக்கு ஆள் பழக்கம் கிடையாது. பட்டாளம் என்றால் படபடவென்று சுடுவது, நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு வருவது, அவ்வளவுதான் தெரியும். மதராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் ட்ரெயினிங். முதல் தடவை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனபோது கல்யாணத்துக்குப் போவதுபோல் போனோம். ஃபயரிங் முடிந்தது. இனி அறைக்குப் போகலாம் என்று பார்த்தால், எல்லோரும் குனிந்து கோக்கா பொறுக்க வேண்டும். கோக்கா என்றால் தோட்டாவின் காலிக் கூடு. எத்தனை ரவுண்டு வாங்கினோமோ அத்தனை காலிக் கூடும் திரும்பிப் போக வேண்டும். அன்றைக்கு ஒன்று குறைந்தது. ஒரே ஒன்று. மழை தூறுகிறது, நீலகிரிக் குளிர், முழங்கால் அளவு புல். முழுக் கம்பெனியும் வரிசையாக நின்று கையால் புல்லைத் துழாவிக்கொண்டே நகர்ந்தோம். பயிற்சி கொடுத்த உஸ்தாத் ஒரு வார்த்தை திட்டவில்லை, குடையும் பிடிக்கவில்லை, எங்களோடு அவரும் குனிந்து தேடினார். இருட்டுகிற நேரத்தில் ஒரு கன்னடக்காரப் பையனின் பூட்ஸ் அடியில், களிமண்ணில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது.

துப்பாக்கியைக் கையில் கொடுத்த இடம் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். விட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். அந்தப் புத்தி ஏறியவனிடம் போய், எத்தனை விக்கெட் எடுத்தாய் என்கிற தொனியில் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

உடனே ஒருவர் வருவார், தெரியும். "உங்க ரெஜிமென்ட் கோஷமே 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'தானே?" ஆமாம் சார். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் புல்லரிக்கும். கத்த வேண்டிய இடத்தில் கத்துவோம். கத்தி முடித்ததும் ஆயுதத்தைத் துடைத்து, கோத்தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு லங்கர் வரிசையில் நிற்போம். நீங்கள்தான் சோபாவில் உட்கார்ந்து, கையில் ஆயுதமும் இல்லாமல், நாள் முழுக்க அடி கொல்லு என்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வெங்காயம் உரிப்பதைக் கேவலமாகப் பேசினீர்களே, அதற்கு வருகிறேன். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு. சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த போஸ்ட். 19 மதராஸ் பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது, ஆனாலும் பிழைக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நர்சிங் அசிஸ்டென்ட். மருந்துப் பெட்டியோடு மேலே போனவர். 2003 நவம்பரில் பாகிஸ்தானோடு போர்நிறுத்தம் வந்த பிறகு சியாச்சினில் சண்டை ஓய்ந்துவிட்டது. அதற்கப்புறமும் அங்கே ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பனியிலும் மூச்சுத் திணறலிலும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று.

கல்வான் ஞாபகம் இருக்கிறதா? லடாக்கில் சீன எல்லை, 2020 ஜூன். இருபது பேர் போனார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி அதில் ஒருவர், வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த ராத்திரி ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996லேயே சீனாவோடு ஒப்பந்தம் இருக்கிறது. கல்லும் ஆணி அடித்த தடியும் கையுமாக வந்தவர்களோடு கைகலப்பிலேயே செத்தார்கள். அந்த ராத்திரி யாரையும் சுடாத பழனியும் உங்கள் கணக்கில் டம்மி பீஸா? சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல மாட்டீர்கள். செத்தவர்களுக்கு மரியாதை உண்டு. உயிரோடு திரும்பி வந்தவன்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "ராணுவம் என்ன புத்தர் மடமா? காஷ்மீரில் நடந்ததெல்லாம் தெரியாதா?" இது கேட்க வேண்டிய கேள்வி. 2010ல் மச்சில் பகுதியில் மூன்று சாதாரண ஆட்களை வேலை தருகிறேன் என்று கூட்டிப்போய்ச் சுட்டு, ஊடுருவ வந்த தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டினார்கள். ராணுவ நீதிமன்றமே ஆயுள் தண்டனை கொடுத்தது. பிறகு ராணுவத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. நான் யூனிஃபார்ம் போட்டவன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன், எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். 'எத்தனை பேர்' என்று எண்ணிக்கையை வைத்து ஒருவனை அளக்க ஆரம்பித்தால் வந்து நிற்கிற இடம் அதுதான். அண்ணனைக் கிண்டல் செய்கிற நீங்கள் அந்த எண்ணிக்கையைத்தான் கேட்கிறீர்கள்.

அப்புறம், "டிவியில் வருகிற ரிட்டயர்டு அதிகாரிகளே போர் வேண்டும் என்கிறார்களே?" அவர்கள் ரேங்க் பெரியது. நான் பேசக்கூடாது. மீசையும் நன்றாக இருக்கிறது.

ஒரு விஷயம் இதுவரை எழுதியதில்லை. ஒரு தடவை எனக்கு உடலோடு போகும் ட்யூட்டி போட்டார்கள். எங்கள் யூனிட் பையன், ஒல்லியாக இருப்பான், கபடி ஆடுவான். கான்வாயில் போகும்போது வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது. பெட்டியை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, மரியாதை எல்லாம் முடிந்த பிறகு, அவனுடைய சொந்தச் சாமான்களை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். கறுப்பு ட்ரங்க் பெட்டி, மேலே வெள்ளை பெயின்டில் பெயரும் ஆர்மி நம்பரும். உள்ளே இருப்பதற்கு ஒரு லிஸ்ட். ஒவ்வொன்றாக நான் படிக்க வேண்டும், அவர் எடுத்துப் பார்க்க வேண்டும், கடைசியில் கையெழுத்து. சீப்பு ஒன்று. ஷேவிங் செட் ஒன்று. லுங்கி இரண்டு. முகத்துக்குப் போடும் க்ரீம் ஒன்று, பாதி. சால்வை ஒன்று, பெண்கள் போடுவது, கடை பில்லோடு. சால்வைக்கு வந்ததும் அவர் கையை நீட்டவில்லை. நானே மடித்துப் பக்கத்தில் வைத்தேன். அடுத்தது சார்ஜர் என்று படித்தேன். குரல் வரவில்லை, தண்ணி கேட்டேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "சண்டையிலயா சார் போனான்?" இல்லைங்கய்யா, வண்டி விபத்து என்றேன். தலையை ஆட்டினார். வெளியே பந்தலில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "எதிரிகளை ஓட ஓட விரட்டி வீரமரணம் அடைந்த" என்று பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாங்கள் முன்கூட்டியே விஷயம் சொல்லியிருந்தோம். "அது ஒரு எஃபெக்டுக்கு சார்" என்றார் என்னிடம். அந்தப் பையன் பனியில் ரோந்து போனது, அடுத்தவன் சென்ட்ரி ட்யூட்டியைச் சேர்த்துப் பார்த்தது, எல்லோருக்கும் முடிவெட்டி விட்டது, எதுவும் அந்த மைக்குக்குப் போதவில்லை. நாலு எதிரி தேவைப்பட்டது.

அன்றிலிருந்துதான் எனக்குப் போர் என்கிற பேச்சைக் கேட்டால் அந்த லிஸ்ட் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு அது வராது. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாபகம் வருகிறவனைப் பார்த்துக் கோழை என்றால் எனக்கு வலிக்கும். ஆர்டர் வந்திருந்தால் சுட்டிருப்பேன், அண்ணனும் சுட்டிருப்பார், அதில் சந்தேகம் வேண்டாம். சுடத் தெரிந்தவன் சுட ஆசைப்படவில்லை என்று சொன்னால் ஏன் உங்களுக்கு எரிகிறது என்பதுதான் விளங்கவில்லை.

ராணுவம் மாற்றுகிறது என்றால் எல்லாமே நல்லதாக மாற்றுகிறது என்று நான் கதை விடவில்லை. வீட்டையே பேரக்ஸ் ஆக்குகிறவர்கள் உண்டு. குடித்தே அழிந்தவர்கள் உண்டு. ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைத்தால் நான் பார்க்கிற பார்வை பிள்ளைகளுக்குப் பிடிக்காது. அதே சமயம், ஒரே லங்கரில் யார் சமைத்தது யார் பரிமாறியது என்று கேட்காமல் இத்தனை காலம் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்தால், கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்று நடக்கிற பஞ்சாயத்து சிரிப்பாக இருக்கிறது. யூனிட்டில் சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரே கூரைக்குக் கீழ் எல்லாச் சாமியும் இருக்கும். பண்டிகைக்கு எல்லோரும் போய் உட்காருவோம். "சாதி பேரிலேயே ரெஜிமென்ட் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது முடியாது.

இந்த மாற்றத்தை எல்லாம் ஊரில் யாராவது கேட்டிருக்கிறார்களா? சொந்தக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்வி. ஒன்று, எத்தனை பேரைச் சுட்டீங்க. இரண்டாவது, கேன்டீன் கோட்டாவில் எத்தனை பாட்டில் வரும். ரிட்டயர் ஆகி வந்தவனுக்கு வேலை கேட்டுப் போனால் வாசலில் ஸ்டூல் போட்டு, செக்யூரிட்டி யூனிஃபார்ம் தருகிறீர்கள். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் மட்டும் சால்வை போர்த்துகிறீர்கள். இந்தத் தடவை சால்வை போர்த்திய கையோடு கிளிப்பும் வெட்டிப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் அக்கா மகன் அக்னிவீர் என்கிற நாலு வருஷப் பட்டாள வேலை ஆள்சேர்ப்புக்கு தினமும் விடியற்காலையில் ஓடுகிறான். அவனும் கமென்ட்டெல்லாம் படித்திருக்கிறான். "நாலு வருஷம் கழிச்சுத் திருப்பி அனுப்பிட்டா, எனக்கும் இப்படித்தான் சொல்வாங்களா மாமா?" என்றான். நிரந்தரமாக எடுப்பது அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான். மிச்சப் பேர் இளவயசிலேயே ஊருக்கு வந்து நிற்கப்போகிறார்கள். துப்பாக்கியைப் பிடித்திருப்பார்கள், ஆனால் அதை வெறுக்கிற அளவுக்கு நாள் ஆகியிருக்குமா என்று எனக்கே தெரியவில்லை. அவர்களிடமும் போய், தம்பி எத்தனை பேர் என்றுதான் கேட்பீர்கள். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஷூ தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கிக்கொள் என்று காசு கொடுத்தேன்.

கமென்ட்டில் சண்டை போடுகிறவர்கள் என்னோடு தாராளமாகப் போடலாம், ராத்திரி ட்யூட்டிதான், முழித்துத்தான் இருப்பேன். ஜெய்ஹிந்த் மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவர்களுக்கு லைக் கிடையாது. சுபேதார் அண்ணனை டேக் செய்யாதீர்கள், அவர் முகநூலில் இல்லை. அவர் மகள் இன்ஸ்டாவில் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிற பெண். அவள் போட்டோவுக்குக் கீழே போய் "உங்கப்பா டம்மியா" என்று எழுதியவர்களின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பேர் நம்ம ஊர். இன்றைக்குள் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கே வந்து உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன்.