இரண்டு ஆண்டர்சன், இரண்டு மடாலயம்

இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் முன்பு இருந்த ஆண்டர்சன் பிளேஸ் என்ற மாளிகைக்கு அதைக் கட்டிய ராபர்ட் ஆண்டர்சன் பெயர்தான் வைத்தார்கள், அதற்கு முன் அங்கிருந்த மடாலயமே இன்றைய பிளாக்ஃபிரையர்ஸ் என்ற பழைய மடாலயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ராபர்ட் ஆண்டர்சன் 1580 வாக்கில் வீடு கட்டியது உண்மை. ஆனால் அப்போது அதற்குப் பெயர் 'புது வீடு', அவ்வளவுதான். 1675-இல் பிளாக்கெட் குடும்பத்தின் கைக்கு வந்தது. முகப்பின் இருபுறமும் நீளும் பக்கக் கட்டடங்கள் அவர்கள் சேர்த்தவை. செதுக்கோவியர் கிப் செதுக்கிய இந்த வீட்டின் படத்தில் தெளிவாகத் தெரியும். 1782-இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற கட்டடக்காரர் வாங்கினார். பெயர் ஒட்டியது அதற்குப் பிறகுதான்.

வீடு நின்ற இடம் முன்பு பிரான்சிஸ்கன் துறவிகளின் மடாலயம், அது 1539-இல் மூடப்பட்டது. பிளாக்ஃபிரையர்ஸ் டொமினிக்கன் என்ற வேறொரு துறவற சபையினருடையது, அதன் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. பிளாக்ஃபிரையர்ஸைப் பார்த்துவிட்டு அதுதான் ஆண்டர்சன் பிளேஸ் இருந்த இடத்து மடாலயம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை ஸ்காட்லாந்துக்காரர்கள் 1646–47-இல் காவலில் வைத்திருந்ததும் இந்த வீட்டில்தான், மடாலயத்தில் அல்ல. மடம் மூடி நூறு வருடம் தாண்டியிருந்தது!

1834-இல் ரிச்சர்ட் கிரெய்ஞ்சர் என்ற கட்டடக்காரர் இந்த வீட்டை வாங்கி இடித்தார். நியூகாசலின் கிரே தெருவை அவர் போட்டதும் அதே நகரச் சீரமைப்புத் திட்டத்தில்தான்.