‘பராமரிக்கப்படும்’ என்று எழுதினார்களே, யார் பராமரிப்பார்?

ஒரு குடியிருப்புத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அதாவது வீடு கட்டுவதால் நிலத்துக்கும் நீருக்கும் என்ன பாதிப்பு, அதை எப்படிக் குறைப்போம் என்று அனுமதிக்கு முன் எழுதித் தரும் அறிக்கை, கைக்கு வந்தால், ‘படும்’ என்று முடிகிற சொற்களைத்தான் முதலில் தேடுவேன். மரக்கன்றுகள் நடப்படும். வடிகால் தூர்வாரப்படும். தூசி கட்டுப்படுத்தப்படும். மழைநீர்த் தேக்கக் குளம் முறையாகப் பராமரிக்கப்படும். நடப்போவது யார், தூர்வாரப்போவது யார், எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்கான பணம் யாரிடம் இருக்கிறது? அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினாலும் இந்த வாக்கியங்களுக்கு எழுவாய் கிடைக்காது. ஆள் இல்லாத வாக்கியத்தை நம்பி நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானும் பேசினேன். தாழ்வான நிலம் அது. சுற்றுவட்டாரத்து மழைநீர் அங்கேதான் வந்து தங்கும். அங்கே வீடு கட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். ஆலோசகர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில், தென்கிழக்கு மூலையில் நீலம் தீட்டிய ஒரு கட்டத்தைக் காட்டினார். தேக்கக் குளம். கொள்ளளவு எவ்வளவு, மழை ஓய்ந்தபின் எத்தனை மணி நேரத்தில் வடியும் என்றெல்லாம் கணக்கோடு சொன்னார். கணக்கு சரியாகவே இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

அண்மையில் அங்கே குடியேறிய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனபோது அந்த மூலைக்கு நடந்து போனேன். குளத்துக்கு நீர் கொண்டுவரும் குழாயின் வாய் மட்டும் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து புல் தொங்கிக்கொண்டிருந்தது. குளத்தின் பாதியை மண் கொட்டி மேடாக்கி, தளக்கல் பதித்து, கார்கள் நிறுத்த வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வண்டலும் கிழிந்த சிமெண்ட் சாக்குகளும் கிடந்தன. சாலையோரம் வரிசையாக மூங்கில் குச்சிகள் நின்றன. ஒரு குச்சியருகே குனிந்து பார்த்தேன். கன்றைச் சேர்த்துக் கட்டிய கயிறு அப்படியே இருந்தது, முடிச்சுகூட அவிழவில்லை. முடிச்சுக்குள் கன்று இல்லை.

நண்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஒரு குளம் இருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. வீடு விற்றவர்கள் சொல்லவில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன். பணி நிறைவுச் சான்றிதழ் கொடுத்தபோது கட்டடத்தின் உயரத்தையும் பக்கவாட்டு இடைவெளியையும் அளந்தார்களாம். குளத்தை அளப்பது எந்தப் பிரிவின் வேலை என்பதில் அங்கிருந்த இருவருக்கே ஒத்த கருத்து இல்லை.

குளம் போனால் என்ன ஆகும் என்பது சின்னக் கணக்குதான். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். புல்லும் மண்ணுமாக இருக்கும்போது அதில் கணிசமான பங்கை நிலம் குடித்துவிடும், மீதி மெதுவாக நகரும். அதே நிலத்தைக் கூரையாலும் சாலையாலும் மூடிவிட்டால் ஏறக்குறைய முழுவதும் ஓடிவரும். வேகமாகவும் ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதற்குத்தான் தேக்கக் குளம். இரண்டு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் அரை மீட்டர் வண்டல் சேர்ந்தாலே கால் பங்கு கொள்ளளவு போயிற்று. நீர் இறங்கும் தளக்கற்கள் பதித்தாலும் இதே கதைதான். இடுக்குகளில் மண் அடைத்துக்கொண்டால் அவையும் சிமெண்ட் தளமாகிவிடும். தூர்வாரினால்தான் குளம், சுத்தம் செய்தால்தான் தளக்கல். அறிக்கையில் இருக்கும் கணக்கு முதல் நாளுக்கான கணக்கு. பத்தாம் ஆண்டில் கீழே இருக்கும் தெருவில் தண்ணீர் புகுந்தால், அந்தத் தெருவில் இருப்பவரின் பெயர் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

தனியார் கட்டும் வீடுகளையும் உள்ளாட்சி இப்படி ஆராய வேண்டும் என்ற கடமை சும்மா வந்துவிடவில்லை. இத்தகைய மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் தனக்கென அதுபோன்ற ஒரு சட்டம் இயற்றியது. அது அரசு கட்டும் திட்டங்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். மோனோ மாவட்டத்தின் மலைப்பகுதியான மம்மத் லேக்ஸில் அடுக்குமாடி வீடுகள் கட்ட உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்தபோது, அங்கிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு அனுமதி தேவைப்படும் தனியார் திட்டங்களுக்கும் சட்டம் பொருந்தும் என்று 1972இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி கொடுக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பொறுப்பு கையெழுத்துப் போட்ட அன்றோடு முடிந்துவிடுவதாக நாம்தான் பழக்கிக்கொண்டோம்.

அனுமதிக்குப் பிறகு யாராவது போய்ப் பார்த்தால் என்ன தெரியவரும்? இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஐந்து உள்ளாட்சிப் பகுதிகளில் 42 குடியிருப்புத் திட்டங்கள், ஏறக்குறைய 6,000 வீடுகள். அனுமதி வாங்கும்போது இயற்கைக்காகச் செய்கிறோம் என்று கட்டுநர்கள் ஒப்புக்கொண்டவற்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எண்ணினார்கள். 2024இல் அறிக்கை வெளிவந்தது. ஒப்புக்கொண்டதில் 53 சதவீதம்தான் இருந்தது. நட்ட மரங்களில் 39 சதவீதம் பட்டுப்போயிருந்தன, அல்லது இருந்த இடமே தெரியவில்லை. பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் வைக்க வேண்டிய கூடுகளில் முக்கால்வாசி வைக்கப்படவே இல்லை.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் உறுத்தியது முள்ளெலி வழி. முள்ளெலி இரவில் இரை தேடி நெடுந்தூரம் அலையும் உயிர். வீட்டுக்கு வீடு வேலி அடைத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. அதற்காக வேலியின் அடியில் 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுர ஓட்டை விட வேண்டும். அவ்வளவுதான். ஒரு ரம்பம், சில நிமிட வேலை. அந்த ஓட்டைகளில் 83 சதவீதம் இல்லை. செலவு கட்டுப்படியாகாது, தொழில்நுட்பம் கிடைக்கவில்லை என்று எந்தக் காரணமும் இதற்குப் பொருந்தாது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தது, அதனால் செய்யவில்லை. வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வீடில்லாதவர்கள் காத்திருக்கும்போது மதிப்பீடு, கருத்துக்கேட்பு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாடகைக்கு அலைந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மதிப்பீட்டை முட்டுக்கட்டையாக மட்டுமே பயன்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மாணவர் விடுதி கட்டும் திட்டம் ஒன்று, அங்கே தங்கப்போகும் மாணவர்கள் எழுப்பும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய வேண்டும் என்று 2023இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பால் நின்றது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2025 ஜூன் மாத இறுதியில், ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதிகளுக்குள் கட்டும் பெரும்பாலான வீட்டுத் திட்டங்களுக்கு மதிப்பீட்டிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டது கலிபோர்னியா. 1972இல் கதவைத் திறந்த அதே மாநிலம்.

மனிதர் பேசும் சத்தத்தை மாசு என்று வாதிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மக்கள் ஏன் அனுமதிக்கு முன்பே இத்தனை மூர்க்கமாகப் போராடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால் பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். குளம் உண்மையிலேயே குளமாக இருக்கும், இல்லாவிட்டால் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் பாதிப் பேர் வழக்குக்குப் போக மாட்டார்கள். நானே ஆட்சேபணை எழுத மாட்டேன். தாமதத்தைக் குறைக்க மதிப்பீட்டை வெட்டுகிறார்கள். அவநம்பிக்கையைக் குறைத்திருந்தால் தாமதமும் குறைந்திருக்கும்.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அனுமதி கொடுக்கும்போதே, பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகளைக் கண்காணிக்கும் திட்டத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது கலிபோர்னியாவில் 1989 முதல் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் விதிகளைத் திருத்தி, பெரிய பாதிப்புகளை அனுமதிக்குப் பின்னும் கண்காணிக்கச் சொன்னது. இந்தியாவின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அதை எழுதித் தருவது திட்டத்தை நடத்துகிறவரேதான். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு. அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பில் உள்ள குறைகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016ஆம் ஆண்டின் 39ஆம் எண் அறிக்கையில் விரிவாகவே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள், அழிப்பதைவிட 10 சதவீதம் கூடுதலாக இயற்கை வாழிடத்தை உருவாக்கி, 30 ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும். அழகான விதி. முப்பதாம் ஆண்டில் அந்த நிலத்தில் போய் நின்று பார்க்கப்போகிற அலுவலர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

ஆகவே நான் கேட்பது சிக்கலான ஒன்றல்ல. நிபந்தனைகளை நேரில் எண்ணிப் பார்த்த பிறகே பணி நிறைவுச் சான்றிதழ் கொடுங்கள். கட்டுநரிடம் ஒரு வைப்புத் தொகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கன்று மூன்று ஆண்டு உயிரோடு இருந்தால், குளம் ஐந்தாம் ஆண்டிலும் அதே ஆழம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சரிபார்க்கிறவரை உள்ளாட்சியே நியமிக்கட்டும், கட்டணத்தை மட்டும் கட்டுநர் செலுத்தட்டும். வீடு வாங்குகிறவருக்குக் கொடுக்கும் பத்திரங்களோடு அந்த வரைபடமும் போக வேண்டும், நீலக் கட்டம் அழியாமல். என் நண்பரிடம் அது இருந்திருந்தால் மண் கொட்டிய அன்றே கேட்டிருப்பார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே இடத்தில் இரண்டாம் கட்டமாக வீடுகள் கட்ட வரைவு அறிக்கை வெளியாகியிருக்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். மழைநீர் பற்றிய பகுதியில் ஒரு வாக்கியம்: ‘கூடுதலாக வெளியேறும் நீர், முதல் கட்டத்தில் அமைக்கப்பட்ட தேக்கக் குளத்தில் ஏற்கப்படும்.’ கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தக் குளத்தில். பழைய அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், நிலத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தின் நகலையும், மூலையில் நின்று எடுத்த நான்கு படங்களையும் சேர்த்து என் ஆட்சேபணையை நேற்று கொடுத்துவிட்டேன். படத்தில் வெள்ளைக் கோடுகளும் அவற்றுக்குப் பின்னால் குழாயின் வாயும் தெளிவாகத் தெரிகின்றன. வீடு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. குளத்தைத் தோண்டி, அளந்து காட்டிவிட்டு இரண்டாம் கட்டத்தைத் தொடங்குங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுத்துப்பூர்வமாகக் கருத்துச் சொல்ல இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.