ஸ்டிக்கர் வந்துச்சு, ஆள் வரலை

போன மாசம் டெங்கு. குறைஞ்சது 1.5 லட்சம் இருக்க வேண்டிய பிளேட்லெட் 38 ஆயிரத்துக்கு இறங்கி, தாம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில 5 நாள் கிடந்தேன். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல 46 பேர். கும்பிடுற கை, பூங்கொத்து, 'டேக் கேர் மச்சி'ன்னு கொட்டுச்சு. அரை மணி நேரத்துல கிரிக்கெட் பேச்சுக்குப் போயிட்டாங்க.

"சாப்பிட்டியா?"ன்னு ஒரு போன் இல்லை. அதுதான் மனசை அறுக்குது. நான் என்ன காசா கேட்டேன்? குரோம்பேட்டையிலேயே 3 பேர் இருக்காங்க. மின்சார ரயில்ல ரெண்டே ஸ்டேஷன்! ஒரே தட்டுல சாப்பிட்டவங்கப்பா.

மூணாம் நாள் சாயங்காலம் ஒருத்தன் வந்தான். குரூப்ல வாயே திறக்காதவன். செங்கல்பட்டுல வேலை முடிச்சு நேரா வீட்டுக்குப் போய், எவர்சில்வர் தூக்குல நொய்க்கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துட்டு வந்திருந்தான். ஊசி ஏத்தின கையால என்னால ஸ்பூன் பிடிக்க முடியலை. அதைப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம தம்ளர்ல ஊத்தி ஆத்திக் குடுத்தான். "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்கப்பா"ன்னு எங்கப்பாவை அனுப்பிட்டு, டிரிப்ஸ் தீர்ற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தூக்கு இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. வெறுந்தூக்கா திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு அம்மா அதிரசத்துக்கு மாவு இடிச்சு வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டு போறேன்.