சூட்டுக் கட்டி என்று பெயர் வைத்தது யார்?

கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த மகன் காலை அகட்டி அகட்டி நடந்தான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்றான். பன்னிரண்டு வயதாகிவிட்டது, டவுசரைத் தூக்கிக் காட்ட வெட்கம். ஒரு வழியாகப் பார்த்தால் தொடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. சிவந்து, தொட்டால் சுடுகிறது. இன்னும் பழுக்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சூட்டுக் கட்டிதான்ப்பா. மாம்பழத்தைக் குறைச்சுக்கச் சொல்லு, இளநீர் வாங்கிக் குடு. தானா உடையும்."

இந்தச் 'சூட்டுக் கட்டி' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அம்மாவோடு இல்லை. அம்மாவின் வைத்தியத்தோடும் அவ்வளவாக இல்லை. சின்ன வயதில் எனக்குக் கட்டி வந்தால் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அகல் விளக்கில் வாட்டி, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு என் மேல் வைப்பார். ஆறியதும் அடுத்த இலை. இன்றைக்கு டாக்டரிடம் போனாலும் சின்னக் கட்டிக்கு முதலில் சொல்வது வெந்நீர் ஒத்தடம்தான். சுத்தமான துணியைக் கை பொறுக்கிற சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ரத்த ஓட்டம் அந்த இடத்துக்குக் கூடும், வலி குறையும், கட்டி பழுத்துத் தானே உடைய வழி கிடைக்கும். வெற்றிலை செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

ஆனால் கட்டியின் மேல் சுண்ணாம்பு தடவுவது வேறு கதை. எருக்கம்பாலும் அப்படித்தான். இரண்டும் தோலைப் புண்ணாக்கும். கட்டியோடு புண்ணும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்று டாக்டருக்கே குழப்பம் வரும். எங்கள் தெருவில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை.

சரி, பெயருக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் 1880-களின் தொடக்கத்தில் கட்டிச் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையாகத் திராட்சைக் குலை மாதிரி கிருமிகள் தெரிந்தன. கிரேக்க மொழியில் குலைக்கு உள்ள சொல்லை எடுத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். அவர் சீழைப் பார்த்துப் பெயர் வைத்தார், நாம் வெயிலைப் பார்த்து வைத்தோம். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருடைய மூக்குக்குள் இந்தக் கிருமி சும்மா உட்கார்ந்திருக்கும். தோலில் ஒரு கீறலோ உரசலோ கிடைத்து முடிக்கால் வழியாக உள்ளே போனால்தான் வம்பு. வெயிலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். வியர்வை, இறுக்கமான துணி, தொடை உரசல், சொறிந்த வேர்க்குரு எல்லாம் கதவைத் திறந்து விடும். பாவம் மாம்பழம், அதே மாதத்தில் சந்தைக்கு வந்த குற்றத்துக்கு மாட்டிக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் பெரியப்பாவின் முதுகில் இருந்தது.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அவருக்கு ஒரு கட்டி வந்தது. கை எட்டாத இடம், கண்ணுக்கும் தெரியாது. வைகாசி மாதம், சூட்டுக் கட்டிதான் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். நானும்தான். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார், மோர் குடித்தார். ஒரு வாரம் கழித்துப் போனபோது சட்டை போடாமல் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் போனதும் நாற்றம். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செம்பருத்தி நிறத்தில் கெட்டித்து, அதில் ஒரு வாய் இல்லை, ஏழெட்டு வாய். சல்லடைக் கண் மாதிரி ஒவ்வொன்றிலிருந்தும் சீழ் எட்டிப் பார்த்தது. பழைய ஆட்கள் இதைத்தான் ராஜப்பிளவை என்பார்கள். பல கட்டிகள் தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்ட நிலை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "ஐயாவுக்குச் சுகர் இருக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. பார்த்ததே இல்ல."

இந்தப் பதிலில் இரண்டு வாக்கியம் இருக்கிறது, சிஸ்டர் இரண்டாவதைத்தான் கேட்டுக்கொண்டார். விரலில் குத்திப் பார்த்தால் 380-ஐத் தாண்டியிருந்தது. கட்டியைக் கீறி, சீழை எடுத்து, குழிக்குள் துணி திணித்து, அப்புறம் ஒன்றரை மாதம் தினசரி டிரெஸ்ஸிங். எத்தனை வருடமாகச் சர்க்கரை இருந்ததோ தெரியாது. முந்தின வருடமும் அவருக்குப் பிட்டத்தில் இரண்டு கட்டி வந்து உடைந்தது. அப்போதும் 'சூடு' என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிட்டோம். சர்க்கரை ஏறிய உடம்பில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், அதனால் கட்டி பெரிதாகும், திரும்பத் திரும்ப வரும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. இளநீர் வாங்கப் போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொண்டு வரலாம். காசு கேட்க மாட்டார்கள்.

அடுத்தது, பிதுக்குவது. சேஃப்டி பின்னை நெருப்பில் காட்டிக் குத்துகிற அண்ணன்மார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கட்டியைச் சுற்றி உடம்பே ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறது. பிதுக்கினால் சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும். கார்ல் மார்க்ஸுக்கே இந்த ஆசை விடவில்லை. 1866-இல் ஒரு கட்டியைச் சவரக் கத்தியால் தானே கீறிக்கொண்டதாக நண்பர் ஏங்கெல்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சாம் ஷுஸ்டர் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவப் பேராசிரியர் 2007-இல் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு, அது சாதாரணக் கட்டியே இல்லை, அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வேறொரு தோல் நோய் என்று எழுதினார். அந்த இடங்களில் மாறி மாறி வந்து தழும்பாகிக்கொண்டே இருப்பவர்கள் தோல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இதே ரகம். இரண்டு நாளைக்கு நான்கு ஆன்டிபயாடிக், வலி குறைந்ததும் மிச்சம் மேசை டிராயரில். சீழ் தேங்கிய குழிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அங்கே வேலை செய்வது கீறி வடிப்பதுதான், மாத்திரை தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

எப்போது போக வேண்டும்? மூக்கு, மேலுதடு, அதைச் சுற்றிய பகுதியில் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அந்த இடத்து ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு இருக்கிறது. ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் மேலுதட்டில் வந்த கட்டியிலிருந்து ரத்தத்தில் நஞ்சேறி 1915-இல் 43 வயதில் இறந்துபோனார். முதுகுத்தண்டின் மேல், ஆசனவாய்க்குப் பக்கத்தில், பால் கொடுக்கிற தாயின் மார்பில் வந்தாலும் அப்படியே. காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டியிலிருந்து கிளம்பும் சிவப்புக் கோடு, வேகமாகப் பரவும் சிவப்பு, தாங்க முடியாத வலி இருந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். சர்க்கரைக்காரர்கள், கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கைக்குழந்தைகள் விஷயத்தில் வெற்றிலை, ஒத்தடம் பரீட்சையெல்லாம் வேண்டாம். மற்றவர்களுக்கும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் போக வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பெரிய போராட்டம் துண்டுக்காக நடந்தது. நான்கு பேருக்கும் சேர்த்து பாத்ரூம் கதவில் ஒரே துண்டு. கிருமி மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அதை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டுவிட்டு, அவனுக்குத் தனியாக ஒன்று கொடுத்தேன். தன்னை ஒதுக்கிவைத்ததாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டமும் போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டினால் டாக்டர், அதுதான் ஒப்பந்தம். நேற்று ராத்திரி ஒத்தடத்தின்போது தானாகவே உடைந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, காஸ் துணி வைத்து ஒட்டியாகிவிட்டது. இன்று காலை பார்த்தேன், வட்டத்துக்குள் பாதிதான் சிவப்பு.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நான்தான் சொன்னேனே, இளநீர் குடுத்தியா?" என்றார். பையன் பின்னாலிருந்து மாம்பழம் கேட்டுக்கொண்டிருந்தான்.