150 யூரோவுக்குப் போன முகமூடி

பிரான்சில் வயதான ஒரு தம்பதி 2021-ல் பரணில் கிடந்த மர முகமூடியைப் பழைய சாமான் வியாபாரியிடம் 150 யூரோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் மோன்பெலியே நகர ஏலத்தில் அதே முகமூடி 42 லட்சம் யூரோவுக்குப் போனது. பேப்பரில் பார்த்துவிட்டு வழக்குப் போட்டார்கள். இந்தக் கதையை யார் பகிர்ந்தாலும் கீழே ஒரே புலம்பல், "பாவம், தாத்தா பாட்டியை ஏமாற்றிட்டானே!" எனக்கு அந்தப் பரிதாபம் வரவே இல்லை.

பரணுக்கு அது வந்த கதையை யாராவது கேட்டார்களா? அந்தக் கணவரின் தாத்தா காலனி ஆளுநர், 1917 வாக்கில் ஆப்பிரிக்காவின் காபோனில் அவர் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று தெளிவாக எந்தக் கணக்கும் இல்லை. சரி, விலை கொடுத்தே வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம், ஊரை ஆளுகிற துரை கேட்டால் மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்?

அது சுவரில் மாட்டச் செய்த பொருளும் இல்லை. காபோன் பக்கத்து ஃபாங் மக்களிடம் 'ங்கில்' என்று ஆண்களின் ரகசியச் சங்கம் ஒன்று இருந்தது, சூனியக்காரர்களையும் குற்றவாளிகளையும் தேடி ராத்திரியில் இந்த மாதிரி முகமூடியோடும் தீப்பந்தத்தோடும் ஊருக்குள் வருவார்கள், வெள்ளைக் களிமண் பூசிய அந்த நீள முகம் வெளிச்சத்தில் ஆடி வரும்போது தப்பு செய்தவனுக்குக் குலை நடுங்கியிருக்கும் (வெள்ளை அங்கே செத்தவர்களின் நிறம்). ஊருக்கு அதுதான் போலீஸ், அதுதான் கோர்ட்டு. பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சங்கத்தைத் தடை செய்தார்கள். அப்புறம் யார் செதுக்குவார்கள்? இன்றைக்கு உலகத்திலேயே பத்துப் பன்னிரண்டுதான் தெரிகிறது, அரிய பொருள் என்று விலை ஏறியதும் அதனால்தான்.

ஆலெஸ் நகர நீதிமன்றம் 2023 டிசம்பரில் வியாபாரி பக்கம் தீர்ப்புச் சொன்னது, விசாரிக்காமல் விற்றது உங்கள் தப்பு என்று தம்பதியிடம் சொல்லிவிட்டது. நடுவில் காபோன் அரசும் எங்கள் பொருள் என்று வந்து நின்றது, அதையும் தள்ளிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த 26 பொருள்களை பெனின் நாட்டுக்குத் திருப்பித் தரவே பிரான்ஸ் 2020-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பரணில் கிடப்பதற்கு அந்தச் சட்டமும் கிடையாது.

வியாபாரி முதலில் 3 லட்சம் யூரோ தருகிறேன் என்றாராம், தம்பதியின் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. பங்குச் சண்டை வியாபாரிக்கும் அந்தக் குடும்பத்துக்கும்தான். ஏலத்தன்று அறையிலேயே காபோன்காரர்கள் சிலர் எழுந்து, இது திருட்டுப் பொருள் என்று சத்தம் போட்டார்கள். ஏலம் கேட்பது நிற்கவில்லை.