மேலே சீஸ் போட்டது யார்?

ரகு: பிட்சா மேலே சீஸைத் தூவியது யார்?

சுதா: நான்தான். ஓவனைத் திறந்தால் வெறும் தக்காளி. பாவம், மறந்துவிட்டீர்கள் என்று ஒரு பாக்கெட்டைக் கொட்டினேன்.

ரகு: மறக்கவில்லை! சீஸ் அடியில் இருக்கிறது. சிகாகோ டீப் டிஷ், அதாவது ஆழத் தட்டுப் பிட்சா, அப்படித்தான். மாவு, அதன்மேல் மொசரெல்லா, அப்புறம் காய், கடைசியில்தான் தக்காளி.

சுதா: சமையலறையைத் தலைகீழாக்கியது போதாதென்று பிட்சாவையுமா?

ரகு: இரண்டு அங்குல உயரம் இருக்கிறது. வேக 40 நிமிடமாவது ஆகும். அத்தனை நேரம் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடாதா?

சுதா: இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

ரகு: காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்?

சுதா: நீங்கள் சொன்னது 1943. சிகாகோவில் பிட்சேரியா ஊனோ என்ற கடை, ஓஹையோ தெரு. கடைக்காரர்கள் ஐக் சூவெல், ரிக் ரிக்கார்டோ. டீப் டிஷ்ஷைக் கண்டுபிடித்தது அவர்களா, சமையல்காரரா என்று ஒரு பஞ்சாயத்து வேறு. நான் தினமும் சாம்பார் வைக்கிறேன். ஒரு நாளாவது வருஷம் சொன்னேனா?

ரகு: ரசனை வேண்டும் சுதா. மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து, ஓரம் ஏறும்படி விரலால் அழுத்தி...

சுதா: ஓரத்தில் மட்டுமா ஏறியது? குழாய்ப் பிடியில் மாவு, போனில் மாவு. பெருங்காய டப்பா மூடியில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. பிட்சாவில் பெருங்காயம் எங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை.

ரகு: கருகல் வாசனை வருகிறது.

சுதா: வரட்டுமே. டிட்ராய்ட்டில் அண்ணன் வீட்டில் ஓரமெல்லாம் கறுத்துப்போன சீஸோடு சதுரத் துண்டு வைத்தார்களே. அந்த ஓரத்தை மட்டும் பிய்த்துப் பிய்த்துத் தின்றது யார்? அங்கே கருகினால் ருசி, இங்கே நான் கருக்கினால் குற்றமா?

ரகு: அது டிட்ராய்ட் பிட்சா, வேறு ஜாதி! விஸ்கான்சின் பிரிக் சீஸ். விளிம்புவரை தூவினால் இரும்பில் பட்டு முறுகும். 1946-இல் ‘படீஸ்’ (Buddy's) என்ற டிட்ராய்ட் கடையில், கார் தொழிற்சாலைத் தட்டில்...

சுதா: ஆரம்பித்துவிட்டீர்களா?

ரகு: அந்த மாதிரித் தட்டு ஒன்று வாங்கலாம் என்று...

சுதா: கழுவுவது யார்?

ரகு: அதைத் தேய்த்துக் கழுவவே கூடாது. துடைத்தால் போதும்.

சுதா: துடைப்பது யார்?

ரகு: அசல் சிகாகோக்காரன் இப்படியெல்லாம் கேட்கமாட்டான்.

சுதா: அசல் சிகாகோக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். வெள்ளிக்கிழமையானால் அப்பளம் மாதிரி மெல்லிய பிட்சா, சதுரம் சதுரமாக வெட்டியது. டீப் டிஷ் வெளியூர் விருந்தாளி வந்தால்தானாம்.

ரகு: ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் சமைத்தால்...

சுதா: கைதட்ட ஆள் வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் வைக்கிற குழம்புக்கு ‘உப்பு கம்மி’ என்று ஹாலிலிருந்து ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

ரகு: சரி சரி. இன்னும் 20 நிமிடம் வேகவேண்டும். அலுமினியத் தாள் போட்டு மூடினால் பிழைக்கும். தாள் எங்கே?

சுதா: ஓஹையோ தெருவில் கடை எங்கே என்று தெரிகிறது. தாள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே டிராயரில்.

ரகு: எந்த டிராயர்?

சுதா: அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டாவது. ஐயோ, முதலில் கையைக் கழுவுங்கள்!