கான்சாஸில் ஓர் அலைச்சறுக்கு வீரர்

(அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். எந்தப் பக்கம் காரில் கிளம்பினாலும் கடல் வெகுதூரம். எழுபதைத் தொட்ட தம்பி, அலைச்சறுக்கு விளையாடும் ஒரு பெண்ணைப் பற்றிய பழைய ‘கிட்ஜெட்’ டி.வி. தொடரில் மூழ்கியிருக்கிறார். அக்கா பட்டாணி உரிக்கிறார்.)

தம்பி: என்ன லாகவம், பார் அக்கா! கிட்ஜெட்டாக நடிக்கும் சாலி ஃபீல்டுக்கு அப்போது பதினெட்டு வயதுதான்.

அக்கா: நடுக்கடலில் நிற்கிறாள், தலைமுடி கலையவில்லை. பலகை ஸ்டூடியோவில் ஆடுகிறது, அலை பின்னால் திரையில் ஓடுகிறது.

தம்பி: உனக்கு எதையும் ரசிக்கத் தெரியாது.

அக்கா: ஏன், லரூவை ரசிக்கிறேனே. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று இத்தனை பெரிய தொப்பியோடு வருகிறாளே, அந்தத் தோழி. கடற்கரையில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

தம்பி: இது வெறும் கட்டுக்கதை இல்லை. மாலிபு கடற்கரையில் அலைச்சறுக்கு கற்ற தன் மகள் சொன்னதைக் கேட்டுத்தான் ஃபிரெடெரிக் கோனர் 1957இல் நாவலே எழுதினார்.

அக்கா: நீ செய்ததையெல்லாம் நம் அப்பா எழுதியிருந்தால் போலீஸ் புகாராகியிருக்கும்.

தம்பி: இந்த அப்பாவைப் பார். மனைவியை இழந்த பேராசிரியர். மகள் என்ன செய்தாலும் நிதானமாகப் பேசுகிறார்.

அக்கா: வாரத்துக்கு அரை மணி நேரம்தானே? நானும் நிதானமாகவே பேசுவேன்.

தம்பி: இப்பேர்ப்பட்ட தொடரை 32 பகுதிகளோடு ஊற்றி மூடிவிட்டார்களே! 1965 செப்டம்பரில் ஆரம்பம், 1966 ஏப்ரலில் முடிவு. கோடையில் மறுஒளிபரப்பு செய்தபோதுதான் கூட்டம் கூடியது. அதற்குள் கதை முடிந்துவிட்டது. ரசனை கெட்ட ஜென்மங்கள்!

அக்கா: புதன்கிழமை அதே நேரத்தில் எதிர்ச் சானலில் என்ன ஓடியது?

தம்பி: (முனகலாக) ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’.

அக்கா: நம் வீட்டில் எத்தனை டி.வி.?

தம்பி: ஒன்று.

அக்கா: நான் ‘கிட்ஜெட்’ வைத்ததும் ஓடிவந்து குமிழைத் திருகிய ஜென்மம் எது?

தம்பி: எனக்கு அப்போது பத்து வயது, அக்கா!

அக்கா: ஜனவரியில் தொடரை வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். நீயும் கூடவே வியாழக்கிழமைக்கு மாறினாய். கடைசியில் குமிழ் கையோடு வந்துவிட்டது. அப்புறம் அப்பா குறடு வைத்துத்தான் சானல் மாற்றினார்.

தம்பி: சரி, விடு. நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தானே?

அக்கா: அவளுக்கு என்ன நஷ்டம்? 1967இல் ‘தி ஃப்ளையிங் நன்’ வந்தது. கன்னியாஸ்திரீ வேடம். தலைத்துணி காற்றில் விரிந்தால் ஆளே பறந்துவிடுவாள். பிற்பாடு இரண்டு ஆஸ்கார் வேறு வாங்கினாள்.

தம்பி: பறப்பாளா? அதை நான் பார்த்ததே இல்லையே!

அக்கா: எப்படிப் பார்ப்பாய்? அதற்குள் குறடு என் கைக்கு வந்துவிட்டது.